ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டாச்சு, மோடம் மட்டும் வேலை செய்யலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது 2000-களின் நடுவில், டெலிபோன் லைன் வழியாக மோடம் மூலம் டயல் செய்து (டயல்-அப்) இணையத்தில் சேர்ந்த காலத்துக் குறிப்பு. இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 98-க்கும் எக்ஸ்பிக்கும் பொருந்தும். இரண்டும் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். பிராட்பேண்ட் வந்த பிறகும் ஏன் டயல்-அப் என்று கேட்பவர்களுக்கு: எல்லா ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் அது அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை.

ஃபார்மேட் பண்ணும் முன்பு வரை நன்றாக ஓடியது. இப்போது மோடமே இல்லை என்கிறது. மோடம் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஹார்ட் டிஸ்கைத்தான் அழித்தீர்கள், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மோடம் கார்டைத் தொடவில்லை. போனது மூன்று விஷயம்: மோடத்தின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்), நீங்கள் எந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்ற விவரம், இணைய நிறுவனத்துக்கு டயல் செய்யும் கனெக்‌ஷனின் அமைப்பு. இவற்றில் எது இடிக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லாட்டில் மாட்டுவது, விண்டோஸை இன்னொரு தடவை போடுவது இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இடி மின்னலுக்குப் பிறகு கம்ப்யூட்டர் கோளாறு செய்ததால்தான் ஃபார்மேட் பண்ணினீர்கள் என்றால் மோடத்தையே சந்தேகப்படுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெலிபோன் ஒயர் வழியாக வரும் மின்னல் முதலில் அடிப்பது மோடத்தைத்தான். அப்படி எரிந்த கார்டு சில சமயம் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் காட்டும் கருவிகளின் பட்டியல்) ஒழுங்காகத் தெரியும், டிரைவரும் ஏறும், ஆனால் டயல் டோன் மட்டும் கேட்கவே கேட்காது.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறியோடு ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்று இருக்கிறது. என்ன அது?

அதுதான் உங்கள் மோடம். 98-இல் ‘பிசிஐ கம்யூனிகேஷன் டிவைஸ்’ என்று காட்டும். ஸ்லாட்டில் ஏதோ ஒரு கார்டு இருப்பது விண்டோஸுக்குத் தெரிகிறது, அது என்னவென்று தெரியவில்லை. டிரைவர் போட்டால் கேள்விக்குறி போய்விடும்.

நம் ஊர்க் கடைகளில் விற்ற மலிவான இன்டர்னல் மோடம் எல்லாமே ஏறக்குறைய ‘வின்மோடம்’ வகை. ஒலியை டேட்டாவாகவும் டேட்டாவை ஒலியாகவும் மாற்றும் வேலையில் பெரும்பகுதியை கார்டு செய்வதில்லை, டிரைவர் வழியாக உங்கள் பிராசசர் செய்கிறது. அதனால்தான் விலை குறைவு. அதனால்தான் டிரைவர் இல்லாமல் அது வெறும் தகடு. ‘ஸ்டாண்டர்ட் 56000 பிபிஎஸ் மோடம்’ என்று விண்டோஸ் பட்டியலில் இருப்பதைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வின்மோடத்தில் அது நடக்காது. சீரியல் போர்ட்டில் மாட்டும் எக்ஸ்டர்னல் மோடமாக இருந்தால் நடக்கும்.

மதர்போர்டிலேயே மோடம் இருந்தாலோ, ஏஎம்ஆர் என்ற குட்டி ஸ்லாட்டில் இருந்தாலோ, முதலில் மதர்போர்டு சிடியில் இருக்கும் சிப்செட் டிரைவரைப் போடுங்கள், அப்புறம் மோடம் டிரைவர். இந்த வரிசையை மாற்றினால் டிரைவர் ஏறின மாதிரி இருக்கும், மோடம் வராது.

டிரைவர் சிடி எங்கே போனதென்று தெரியவில்லை. என்ன மோடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியில் போட்டிருக்கும் கம்பெனிப் பெயரை மறந்துவிடுங்கள். ஒரே கார்டு பல பெயரில் விற்றது. சிப் யாருடையது என்பதுதான் முக்கியம். மூன்று வழி இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்னால், அவார்டு பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) உள்ள போர்டுகளில், பிசிஐ கார்டுகளின் பட்டியல் ஒன்று கறுப்புத் திரையில் ஓடும். அது ஓடும்போது கீபோர்டில் பாஸ் பட்டனை அழுத்தினால் நின்றுவிடும். அதில் ‘சிம்பிள் காம் கன்ட்ரோலர்’ என்ற வரியில் வெண்டர் ஐடி, டிவைஸ் ஐடி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வெண்டர் 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட், 11சி1 என்றால் லூசென்ட் (பின்னர் அகெரே), 134டி என்றால் பிசிடெல், 1057 என்றால் மோட்டோரோலா, 8086 என்றால் இன்டெல், 12பி9 என்றால் யுஎஸ் ரோபோடிக்ஸ். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 2 (மைக்ரோசாஃப்ட் தந்த திருத்தத் தொகுப்பு) போட்டிருந்தால் இதே எண்கள் டிவைஸ் மேனேஜரில், அந்த மஞ்சள் கேள்விக்குறியின் பிராப்பர்ட்டீஸில், டீட்டெயில்ஸ் என்ற பக்கத்திலும் கிடைக்கும்.

இரண்டாவது, பவர் கேபிளை உருவிவிட்டு, டெலிபோன் ஒயரையும் கழற்றிவிட்டு (இதை நிறையப் பேர் மறக்கிறார்கள், மணி அடித்தால் அந்த ஒயரில் ஷாக் அடிக்கும்), கேபினட்டைத் திறந்து கார்டில் உள்ள பெரிய சிப்பின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, கார்டின் பின்பக்கம் எஃப்சிசி ஐடி என்று ஒன்று ஒட்டியிருந்தால் அதை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் கொடுத்தால் கார்டை யார் பதிவு செய்தார்கள் என்று வரும். முதல் வழி சரியாக வந்தால் மற்ற இரண்டும் தேவையே இல்லை.

டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

பிரவுசிங் சென்டர்தான். அந்த இரண்டு எண்ணையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், வெறும் ‘56கே மோடம் டிரைவர்’ என்று தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். உங்கள் விண்டோஸ் எது என்பதும் முக்கியம்: 98-க்கான டிரைவர் எக்ஸ்பியில் ஏறாது. ஃபைல் 1.44 எம்பிக்கு மேல் இருந்தால் ஒரு ஃபிளாப்பியில் அடங்காது, ஜிப் செய்து துண்டு போட்டு இரண்டு மூன்று ஃபிளாப்பியில் எடுக்க வேண்டும். அதில் ஒரு ஃபிளாப்பி வீட்டுக்கு வந்ததும் படிக்காது என்பது எழுதப்படாத சட்டம். முடிந்தால் சிடியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள். எக்ஸ்பி சிடியிலேயே சில லூசென்ட், கோனெக்ஸன்ட் மோடம்களுக்கு டிரைவர் இருக்கிறது. போடும்போது ‘விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை’ என்று எக்ஸ்பி பயமுறுத்தும். உங்கள் சிப்புக்கான டிரைவர்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் கன்டினியூ எனிவே கொடுக்கலாம்.

டிரைவர் போட்டாச்சு. மோடம் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று டயல் செய்யாமல் பார்க்க முடியுமா?

முடியும். எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலில் போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ், அதில் மோடத்தின் பிராப்பர்ட்டீஸ், டயக்னாஸ்டிக்ஸ், குவெரி மோடம். 98-இல் கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ், மோர் இன்ஃபோ. சில விநாடியில் வரிசையாகப் பதில்கள் வந்தால் கம்ப்யூட்டரும் மோடமும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். நடுநடுவே ‘கமாண்ட் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தால் கவலை வேண்டாம், அந்தக் கேள்விக்கு அந்த மோடத்திடம் பதில் இல்லை, அவ்வளவுதான். ‘போர்ட் வேறு புரோகிராமிடம் இருக்கிறது’ என்று வந்தால் ஃபேக்ஸ் மென்பொருள் ஏதாவது பின்னால் ஓடுகிறதா பாருங்கள்.

இந்தச் சோதனை தேறினால் டிரைவர் பிரச்சினை முடிந்தது. இனி டிரைவரைத் தொடாதீர்கள்.

எரர் 680, டயல் டோன் இல்லை என்கிறது. போனை எடுத்தால் டோன் நன்றாகக் கேட்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் அற்பமான காரணம்: மோடத்தின் பின்னால் லைன், போன் என்று இரண்டு ஓட்டை. சுவரிலிருந்து வரும் ஒயர் லைனில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய் வந்திருந்தால் மாற்றிக் குத்தியிருக்க நிறைய வாய்ப்பு. அடுத்த அறை எக்ஸ்டென்ஷனில் யாராவது ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால் நாட்டைப் பாருங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ் நீங்கள் அமெரிக்காவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், செட்டப்பில் அவசரமாக நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டியவர்கள் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் டயல் டோன் என்பது 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்தது. நம் நாட்டில் 400 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸில் அதிரும் ஒலி. நம் காதுக்கு இரண்டும் ‘கொய்ங்’தான், மோடம் அப்படி எடுத்துக்கொள்ளாது. தான் எதிர்பார்த்தது வரவில்லை என்றால் டோன் இல்லை என்று சொல்லி வைத்துவிடும். போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸில் இடத்தை இந்தியா என்று மாற்றுங்கள். இலங்கை, மலேசியா என்று எங்கிருக்கிறீர்களோ அதை வையுங்கள்.

நாட்டை மாற்றியும் கேட்கவில்லையா? மோடம் பிராப்பர்ட்டீஸில் ‘வெயிட் ஃபார் டயல் டோன் பிஃபோர் டயலிங்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டோனைத் தேடாமல் நேராக எண்ணை அழுத்தும். சில டிரைவர்கள் இந்த டிக்கையும் மதிக்காது, அப்போது அட்வான்ஸ்ட் பக்கத்தில் கூடுதல் கட்டளை எழுதும் இடத்தில் எக்ஸ்3 என்று (ஆங்கில எக்ஸ் எழுத்து, பக்கத்தில் 3) எழுதுங்கள். அதே வேலையைச் செய்யும், லைன் பிஸியாக இருந்தால் கண்டுபிடித்தும் சொல்லும். வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர்களுக்கு செய்தி காத்திருக்கும்போது டோன் விட்டு விட்டு வரும், அவர்களுக்கும் இதே மருந்து.

டோனையே கேட்காமல் டயல் செய்தும் மயான அமைதி என்றால், முன்னால் சொன்ன இடி மின்னல் விவகாரத்துக்குப் போங்கள்.

டயல் ஆகிறது, ஆனால் யாரோ ஒரு அம்மா எடுத்து ஹலோ என்கிறார்.

உடனே நிறுத்துங்கள், பாவம் அவர். விண்டோஸ் உங்கள் எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடோ எஸ்டிடி (வெளியூர்) கோடோ சேர்த்து அழுத்துகிறது. 172 என்று தொடங்கிய அந்தக் கால இணைய எண்ணுக்கு முன்னால் எதுவும் சேரக் கூடாது. கனெக்‌ஷன் பிராப்பர்ட்டீஸில், எக்ஸ்பி என்றால் ‘யூஸ் டயலிங் ரூல்ஸ்’, 98 என்றால் ‘யூஸ் ஏரியா கோட்’ என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் நீங்கள் எழுதிய எண் மட்டும் போகும். ஆபீஸில் 0 அழுத்தி வெளி லைன் எடுப்பவர்கள் எண்ணுக்கு முன்னால் 0 போட்டு ஒரு கமா போடுங்கள். ஒரு கமாவுக்கு மோடம் சுமார் 2 விநாடி காத்திருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் பழையதாக இருந்து பல்ஸ் முறையில் மட்டும் டயல் ஆகும் என்றால் டோன் என்பதை பல்ஸ் என்று மாற்றவும். ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்தும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்டால் உங்கள் போன் பல்ஸில் இருக்கிறது.

அந்த ‘கீங்ங்... கர்ர்ர்...’ சத்தம் வருகிறது, அப்புறம் ஏதாவது ஒரு எரர் எண் காட்டிவிட்டுத் துண்டாகிவிடுகிறது.

சத்தம் வந்தாலே டிரைவரும் லைனும் சரி. இனி எண்தான் பேசும். 676 என்றால் அந்தப் பக்கம் பிஸி, இரவு 10 மணிக்குச் சகஜம், மறுபடி டயல் செய்யுங்கள். 678 என்றால் எடுக்கவில்லை, எண்ணைச் சரிபாருங்கள். 691 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு: கேப்ஸ் லாக், பெயருக்குப் பின்னால் வர வேண்டிய அட் குறியும் மற்றதும், பாக்கி மணிநேரம் தீர்ந்துவிட்டதா என்பது, இந்த வரிசையில் பாருங்கள். மோடத்தை நோண்டி 691-ஐச் சரிசெய்ய முடியாது.

720 என்றால் இரண்டு பக்கமும் ஒரே புரோட்டோகாலில் (தொடர்பு விதிமுறையில்) பேச முடியவில்லை. 98-இல் இது அடிக்கடி வரும், காரணம் நெட்வொர்க் பகுதியில் இணையத்தின் புரோட்டோகாலான டிசிபி/ஐபி சேர்க்காமல் விட்டிருப்பது. கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் போய் டயல்-அப் அடாப்டரும் அதற்கு டிசிபி/ஐபியும் இருக்கின்றனவா பாருங்கள், இல்லையென்றால் சேருங்கள் (98 சிடி கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள்). அப்புறம் கனெக்‌ஷனின் சர்வர் டைப்ஸ் பக்கத்தில் டிசிபி/ஐபி மட்டும் டிக், நெட்பியூயி, ஐபிஎக்ஸ், ‘லாக் ஆன் டு நெட்வொர்க்’ மூன்றையும் எடுத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை எடுத்தாலே கனெக்ட் ஆகும் நேரம் குறையும்.

98-இல் சேவ் பாஸ்வேர்டு மங்கலாக இருக்கிறது, டிக் செய்ய விடவில்லை.

‘கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்’ போட வேண்டும். போட்ட பிறகு விண்டோஸ் தொடங்கும்போது பெயர் கேட்கும் கட்டத்தில் கேன்சல் அழுத்தாமல் ஓகே அழுத்துங்கள், பாஸ்வேர்டு காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

கனெக்ட் ஆகிவிட்டது. பக்கம் மட்டும் திறக்கவில்லை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் மெனுவில் ‘ஒர்க் ஆஃப்லைன்’ டிக் ஆகியிருக்கிறதா, பிராக்சி எதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை). கனெக்‌ஷனில் ஐபி முகவரியும் டிஎன்எஸ் முகவரியும் தானாகவே பெறும்படி வையுங்கள். உங்கள் இணைய நிறுவனம் எண்களைத் தந்திருந்தால் மட்டும் கையால் எழுதுங்கள்.

115200 வேகத்தில் கனெக்ட் ஆனதாகக் காட்டுகிறது! ஆனால் மெதுவாகத்தான் இருக்கிறது.

அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். எக்ஸ்டர்னல் மோடத்துக்குச் சரியான டிரைவர் இல்லாமல் ‘ஸ்டாண்டர்ட் மோடம்’ போட்டவர்களுக்கு இப்படித்தான் காட்டும். அதற்கான டிரைவரைப் போட்டதும் உண்மையான வேகம் தெரியும். அது 44,000, 46,000 என்று வந்தால் லைன் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். 1998-இல் வந்த வி.90 தரப்படி உச்சம் 56,000. வீட்டு லைனில் அதை நான் பார்த்ததில்லை. முன்பு 44,000 வந்து இப்போது 28,800 மட்டும் வந்தால் டிரைவரின் வேறு பதிப்பு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், அதற்கு முன் போனில் கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எக்ஸ்பி போட்டு முதல்முறை கனெக்ட் செய்த சில நிமிடத்தில் ‘60 விநாடியில் ஷட் டவுன்’ என்று வருகிறது. மோடம் டிரைவரால் வருகிறதா?

இல்லை, பிளாஸ்டர் வகை வைரஸ். ஆகஸ்ட் 2003-இல் கிளம்பியது, நீங்கள் எந்தப் பக்கத்தையும் திறக்க வேண்டாம், கனெக்ட் ஆனாலே போதும், எக்ஸ்பியின் ஆர்பிசி என்ற சேவையில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாக உள்ளே வரும். டயல்-அப்தானே, யார் வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பழைய எக்ஸ்பி சிடியிலிருந்து போட்டவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. 98-க்கு இது வராது.

முதல் டயலுக்கு முன்பே கனெக்‌ஷன் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பக்கம் போய் ஃபயர்வாலை (வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும் காவல்) ஆன் செய்யுங்கள். பழைய எக்ஸ்பியில் அது ஆஃபில்தான் இருக்கும், ஆகஸ்ட் 2004-இல் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் தானாக ஆன் ஆகிறது. அந்த சர்வீஸ் பேக் முழுதாக சுமார் 266 எம்பி. டயல்-அப்பில் இறக்க 15 மணி நேரம் ஆகும், லைன் நடுவில் அறுந்தால் கேட்கவே வேண்டாம். நண்பரிடமோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலோ வாங்கி, கனெக்ட் செய்யும் முன்பே போட்டுவிடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் முதலில் போன் ஒயரைப் பிடுங்குங்கள், ஃபயர்வால், சர்வீஸ் பேக், வைரஸ் நீக்கும் கருவி, எல்லாம் முடிந்த பிறகு ஒயர்.

விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் போட்டுவிட்டேன். மோடம் வருமா?

சீரியல் எக்ஸ்டர்னல் மோடம் என்றால் கேள்வியே இல்லை, டபிள்யூவிடயல் அல்லது கேபிபிபி என்ற டயல் செய்யும் புரோகிராம் போதும். வின்மோடம் என்றால் சிப்பைப் பொறுத்தது. லூசென்ட்டுக்கு எல்டிமோடம், ஸ்மார்ட் லிங்க் வகைக்கு எஸ்எல்மோடம் என்று டிரைவர்கள் உண்டு, உங்கள் கெர்னலுக்கு ஏற்றபடி கம்பைல் செய்ய வேண்டும். கோனெக்ஸன்ட் எச்எஸ்எஃப் சிப்புக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் தந்த டிரைவர் இலவசப் பதிப்பில் 14.4 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. முழு வேகத்துக்குக் காசு. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து ஒரு பழைய எக்ஸ்டர்னல் மோடம் வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

எக்ஸ்டர்னல் மோடத்தில் டயல் ஆரம்பித்ததும் மவுஸ் உறைந்துவிடுகிறது.

பழைய சீரியல் மவுஸும் மோடமும் ஒரே ஐஆர்க்யூவில் (கருவி பிராசசரைக் கூப்பிடும் தடம்) மோதுகின்றன. சீரியல் போர்ட்டுகளில் காம்1-உம் காம்3-உம் ஐஆர்க்யூ 4, காம்2-உம் காம்4-உம் ஐஆர்க்யூ 3. மவுஸ் காம்1-இல் இருந்தால் மோடம் 2 அல்லது 4-இல் இருக்கட்டும். ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் மாட்டும் கார்டு என்றால், கார்டில் உள்ள ஜம்பர் என்ற குட்டி இணைப்பியை மாற்ற வேண்டும்.

மோடத்தின் கத்தலை நிறுத்த முடியுமா? ராத்திரியில் வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள்.

கூடுதல் கட்டளை எழுதும் இடத்தில் எம்0 (எம் எழுத்து, பக்கத்தில் பூஜ்யம்). எக்ஸ்3 ஏற்கெனவே இருந்தால் இரண்டையும் ஒட்டி எழுதலாம். ஆனால் எல்லாம் சரியாகி நான்கைந்து நாள் ஒழுங்காக ஓடிய பிறகு செய்யுங்கள், எந்தப் படியில் நிற்கிறது என்று அந்தச் சத்தம்தான் சொல்லும். இன்னொன்று: உங்களைக் கேட்காமல் வெளிநாட்டு எண்ணுக்கு டயல் செய்து பில்லை ஏற்றிவிடும் டயலர் புரோகிராம்கள் முதலில் செய்வதும் சத்தத்தை அணைப்பதைத்தான். வைரஸ் தொல்லையால் ஃபார்மேட் செய்தவர்கள் ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு) வசதியை எக்ஸ்சேஞ்சில் சொல்லி அடைத்துவிட்டு, அப்புறம் எம்0 போடலாம்.